நடைக்கு யார் பணம், அளப்பதற்கு யார் பணம்?

கேள்வி: பலதுறை மருந்தகம் ஒன்றில் தாதியாக இருக்கிறேன். ஓய்வு நாளில் ஈசூனில் ஒரு துடிப்பான மூப்படைதல் நிலையத்தில், அதாவது அக்கம்பக்கத்து முதியவர்கள் கூடும் இடத்தில், தொண்டூழியம் செய்கிறேன். மதிய உணவுக்குப் பிறகு முதியவர்களைக் கால்மணி நேரம் நடக்க வைத்தால் நீரிழிவு கட்டுப்படுமா என்று முறையாகச் சோதித்துப் பார்க்க ஆசை. 40 பேர் தயாராக இருக்கிறார்கள். பாதிப் பேரை நடக்கவைத்து, மீதிப் பேரைச் சும்மா விட்டு, ஆறு மாதம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்தால் போதுமா? நிதிக்கு யாரிடம் போவது?
— ஈசூன் வாசகி

பதில்: "மீதிப் பேரைச் சும்மா விட்டு" என்கிறீர்களே, அது நடக்காது. எல்லாருக்கும் ஒரே நிலையம், ஒரே சாப்பாட்டு மேசை. யார் நடப்பது என்று சீட்டுக் குலுக்கி, நடை விழுந்தவர் எழுந்ததும் பக்கத்தில் இருப்பவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அப்புறம் இரு குழுவுக்கும் என்ன வித்தியாசம்?

நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் அளந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. எச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு. தீபாவளிப் பலகாரமெல்லாம் தீர்ந்த கையோடு முதல் இரத்தம் எடுத்தால், யாரும் ஓரடி நடக்காமலேயே ஆறு மாதத்தில் எண் இறங்கக்கூடும். போதாததற்கு, "சர்க்கரை கூடிவிட்டது" என்று மருத்துவரிடம் திட்டு வாங்கியவர்தான் இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு முதலில் பெயர் கொடுப்பார். அவருக்கு மருந்தையும் அதே வாரம் மாற்றியிருப்பார்கள். இறங்கியதற்குக் காரணம் நடையா மாத்திரையா என்று ஒப்பிடும் குழு இல்லாமல் சொல்ல வழியில்லை.

ஆகவே ஆளுக்குச் சீட்டுப் போடாமல் நிலையத்துக்குச் சீட்டுப் போடுவார்கள். சில நிலையங்கள் இப்போதே தொடங்கும், மற்றவை ஆய்வு முடிந்த பிறகு தொடங்கும். யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை என்பதால் நிலைய மேலாளர்களும் இதற்கு எளிதில் சம்மதிப்பார்கள். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே நிலையத்துக்கு வருகிறவர்கள் ஒரே கடையில் சாப்பிட்டு, ஒரே மருந்தகத்துக்குப் போகிறவர்கள். ஓரளவு ஒரே மாதிரி இருப்பார்கள். அதனால் ஒவ்வொருவரும் தரும் புதுத் தகவல் குறைவு. நிலையத்துக்கு 30 பேர், அவர்களுக்குள் ஒற்றுமை 0.05 என்று வைத்துக்கொள்ளுங்கள் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் அச்சு அசல்). 29-ஐ 0.05-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.45. அத்தனை மடங்கு ஆள் வேண்டும். ஆளுக்குச் சீட்டுப் போட்டு 200 பேரில் முடிந்திருக்கும் ஆய்வுக்கு இப்போது 490 பேர் வேண்டும், அதாவது 17 நிலையங்கள். குழுவுக்கு ஒரு நிலையமாக இரண்டை மட்டும் ஒப்பிடுவதும் வீண். வித்தியாசம் நடையால் வந்ததா, அங்கே சமைப்பவரின் கைப்பக்குவத்தால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, 40 பேரை வைத்து என்ன செய்வது? முன்னோட்ட ஆய்வு, அதாவது பெரிய ஆய்வுக்கு ஓர் ஒத்திகை. சர்க்கரை குறைந்ததா என்று அதில் கேட்காதீர்கள். எத்தனை பேர் சம்மதித்தார்கள், எட்டாவது வாரத்தில் எத்தனை பேர் இன்னும் நடக்கிறார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை இரத்தம் கொடுக்க வந்தார்கள், மழை நாளில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். சாப்பிட்ட உடன் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும் என்பது சிறு ஆய்வுகளில் ஏற்கெனவே தெரிந்த செய்தி. நிலையத்தின் சாதாரண நாளில், சாதாரண ஊழியரை வைத்து அந்த நடை நிலைக்குமா என்பதுதான் உங்களிடம் இருக்கும் புதுக் கேள்வி. 'வேலை செய்யக்கூடுமா' என்பதும் 'அன்றாடத்தில் வேலை செய்கிறதா' என்பதும் இரு வேறு ஆய்வுகள் என்று 1967-லேயே ஷ்வார்ட்ஸ், லெலூஷ் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். உங்களுக்கு இரண்டு பைகள் வேண்டும், அவற்றைக் கலக்காதீர்கள். நடத்துவதற்கு ஒன்று, அளப்பதற்கு ஒன்று. நடத்தும் செலவை ஆய்வு மானியத்தில் போட்டால், மானியம் முடியும் அன்றே நடையும் முடியும். இங்கே சிங்கப்பூரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியினர் 13 நிறுவனங்களின் 800 ஊழியர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2016-இல் வெளியிட்டார்கள். சிலருக்கு நடையை அளக்கும் கருவி மட்டும், சிலருக்குக் கருவியோடு ரொக்கம், சிலருக்கு அறநிறுவனத்துக்குப் போகும் தொகை. ரொக்கம் வாங்கியவர்கள் ஆறு மாதம் நன்றாக நடந்தார்கள். பணம் நின்றதும் நடையும் பழையபடி ஆகிவிட்டது. எடை, இரத்த அழுத்தம் எதிலும் முன்னேற்றம் இல்லை. ஆகவே பரிசுப் பற்றுச்சீட்டு கொடுத்து ஆள் சேர்க்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள்.

அதே கல்லூரியின் பேராசிரியர் தசீன் ஜாஃபர் தலைமையில் வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரிடம் நடந்த ஆய்வு இதற்கு நேர்மாறு. அங்கே ஏற்கெனவே இருந்த சுகாதார ஊழியர்களே இரத்த அழுத்தத்தை அளந்து ஆலோசனை சொல்ல வீடு வீடாகப் போனார்கள். இரண்டு ஆண்டில் மேல் இரத்த அழுத்தம் ஒப்பீட்டுக் குழுவைவிட 5.2 புள்ளி கூடுதலாக இறங்கியது. நிலைய ஊழியரின் வேலைநேரத்துக்குள் உங்கள் நடை அடங்குமா என்று முதலில் மேலாளரிடம் கேட்டுவிடுங்கள்.

அளக்கும் பைக்குத் தேசிய மருத்துவ ஆய்வு மன்றம் இருக்கிறது. மக்கள்நல ஆய்வுக்கென்றே தனி மானியமும் வைத்திருக்கிறது. தொண்டூழியராக நீங்கள் நேராக விண்ணப்பிக்க முடியாது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் முதன்மை ஆய்வாளர் வேண்டும். முன்னோட்டத்துக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சுகாதாரக் குழுமங்களுக்குள்ளேயே சிறு தொடக்க மானியங்கள் உண்டு, உங்கள் மருந்தகத்தின் ஆய்வுப் பிரிவில் விசாரியுங்கள். வரவுசெலவில் பெரும்பங்கை ஆய்வு உதவியாளர் சம்பளம் தின்னும். இரத்தப் பரிசோதனை அதற்கு அடுத்தது.

நிறுவனம் தேவைப்படுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2015-ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி, உடலில் விளைவை உண்டாக்கும் இத்தகைய தலையீடு ஆய்வு நிறுவனம் ஒன்றின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தரும்வரை ஒரு சொட்டு இரத்தமும் எடுக்காதீர்கள். சம்மதம் எழுத்தில், பொதுவாகச் சாட்சி முன்னிலையில். அந்த 40 பேரில் உங்கள் மருந்தகத்து நோயாளிகள் இருந்தால் சம்மதம் கேட்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. ஊசி போடும் தாதியிடம் "முடியாது" என்று எந்த முதியவர் சொல்வார்?

மொழிபெயர்ப்புக்கும் பணம் ஒதுக்குங்கள். ஒருமுறை நான் ஒதுக்க மறந்து, அவசரத்தில் தமிழாக்கிய சம்மதப் படிவத்தில் "தாறுமாறாகத் தேர்ந்தெடுக்கப்படுவீர்கள்" என்று அச்சாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டார்: "தாறுமாறாக என்னை எடுக்க நான் என்ன குப்பையா, தம்பி?" அவர் கையெழுத்துப் போடவில்லை. "சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வோம்" என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும்.

விண்ணப்பப் படிவத்தைத் தொடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு வாரம், மதியச் சாப்பாடு முடிந்ததும் புளோக் கீழ்த்தளத்தில் நின்று எண்ணிப் பாருங்கள்: யாருக்குக் கைத்தடி, யாரை அழைத்துப் போகப் பேரப்பிள்ளை வருகிறது, யார் நாற்காலியிலேயே கண்ணயர்கிறார். 40 பேர் தயார் என்றீர்களே, அது எத்தனை பேர் என்று அப்போது தெரியும்.