சிறுநீரக நோயாளியின் சாப்பாட்டுக் கணக்கு: கேள்வி பதில்

(பதில்: ஊட்டியில் உணவு ஆலோசகராக இருக்கும் நம் உறுப்பினர்)

குன்னூரிலிருந்து: அப்பாவுக்கு ரத்தத்துல கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேத்த வேண்டிய கழிவு) கூடியிருக்கு. மூணு நாள் சாப்பாட்டை எழுதிட்டு வரச் சொன்னாங்க. எப்படி எழுதணும் மேடம்?

சாப்பிட்ட கையோட எழுதிடுங்க. ராத்திரி யோசிச்சு எழுதினா பாதி விட்டுப்போகும். மூணுல ஒண்ணு ஞாயிறா இருக்கட்டும், கறி எடுக்கிற நாளாச்சே. "கொஞ்சம் சோறு"ன்னா எனக்கு ஒண்ணும் புரியாது. எந்தக் கரண்டி, எத்தனை கரண்டின்னு வேணும். இட்லி, சோறு, சப்பாத்தின்னு மூணு வேளையை எல்லாரும் சரியா சொல்லிடுவாங்க. பதினோரு மணி டீயும் அதோட வர்க்கியும், பஸ் ஸ்டாண்ட்ல கொறிச்ச கடலையும்தான் நோட்டுக்கே வராது. சமைக்கிறவங்களையும் கூட்டிட்டு வாங்க. உப்பு மாசம் எத்தனை கிலோ வாங்குறீங்கன்னு கேட்பேன். நாலு பேருக்கு ஒரு கிலோன்னா ஆளுக்குத் தினம் 8 கிராமுக்கு மேல. 5 கிராம் போதும். ஊறுகாயும் கடைச் சாப்பாடும் இந்தக் கணக்குல சேரலை.

கூடலூரிலிருந்து: நோயாளி சொல்றதை அப்படியே நம்பலாமா?

நம்பலாம், சரியும் பார்க்கலாம். டயாலிசிஸ் இல்லாதவங்க, எடை ஏறாம இறங்காம இருந்தா, 24 மணி நேரச் சிறுநீரே புரதக் கணக்கைச் சொல்லிடும். 60 கிலோ ஆளுக்கு அதுல யூரியா நைட்ரஜன் (சாப்பிட்ட புரதம் உடைஞ்சு வர்ற கழிவு) 6 கிராம்னு வைங்க. எடையை 0.031 ஆல் பெருக்கினா 1.86, ரெண்டையும் கூட்டி 6.25 ஆல் பெருக்குங்க. சுமார் 49 கிராம் புரதம். நோட்டுல 35 தான் வருதுன்னா மறுபடி உட்கார்ந்து பேசணும். திட்டக் கூடாது, திட்டினா அடுத்த தடவை இன்னும் குறைச்சு எழுதுவாங்க. ஒருநாள் சிறுநீரை முழுசா பிடிக்காம விட்டாலும் கணக்கு தப்பும்.

கோத்தகிரியிலிருந்து: அம்மா ரெண்டு டம்ளர் தண்ணிதான் குடிக்கிறாங்க. ஆனா ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவுல மூணு கிலோ ஏறுதே?

ஒரு கிலோ ஏறினா ஏறக்குறைய ஒரு லிட்டர் உள்ளே தங்கியிருக்கு. குளிருக்குக் குடிக்கிற டீ, ரசம், கஞ்சி எல்லாம் தண்ணிக் கணக்குதான். உப்பு கூடினா தாகமும் கூடும். டயாலிசிஸ் உள்ள நாள், இல்லாத நாள் ரெண்டையும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க.

ஊட்டியிலிருந்து: நம்ம தோட்டத்து உருளை, பீட்ரூட்டை விட்டுடணுமா அக்கா?

ரெண்டுலயும் பொட்டாசியம் அதிகம், ஆனா ரத்தத்துல பொட்டாசியம் எவ்வளவுன்னு பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். கூடியிருந்தா தோல் சீவி, பொடியா நறுக்கி, நிறையத் தண்ணியில வேகவிட்டு வடிச்சிடுங்க. அந்தத் தண்ணியில சூப் வைக்காதீங்க. எப்படிச் சமைச்சதுன்னும் நோட்டுல இருக்கணும். சோடியம் குறைஞ்சதுன்னு விக்கிற உப்புல பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், இவங்களுக்கு அது வேண்டாம்.

குன்னூரிலிருந்து மறுபடி: மாமா டயாலிசிஸ் ஆரம்பிச்சும் முட்டையே தொடறதில்லை.

இது டயாலிசிஸுக்கு முன்னாடி புரதத்தைக் குறைக்கச் சொன்ன பழைய பத்தியம். டயாலிசிஸ்ல உடம்பு எடை கிலோவுக்குத் தினம் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேணும். நோட்டை எடுத்துட்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்க.