620 சதுர அடி வீட்டுக்கு 7.40 லட்சத்தில் இன்டீரியர்: கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. மதுரை தபால்தந்தி நகரில் 620 சதுர அடியில் இரண்டு பெட்ரூம் உள்ள பழைய பிளாட் ஒன்றை 31 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறோம். கணவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார், நான் தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 62,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 21,500. குடிபோன பிறகு வாடகை இல்லை, வீட்டுச் செலவும் மகளின் படிப்பும் சேர்ந்து 26,000 ஆகும். வங்கியில் 3.20 லட்சம் டெபாசிட்டும் 8 பவுன் நகையும் இருக்கின்றன. இன்டீரியர் நிறுவனம் ஒன்று 7.40 லட்சத்துக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. கிச்சன் 2.30 லட்சம், இரண்டு வார்ட்ரோப் 1.70 லட்சம், டிவி யூனிட், ஃபால்ஸ் சீலிங், சுவர் பேனல் 1.85 லட்சம், பூஜை அலமாரி, ஷோகேஸ், கட்டில்கள் 1.55 லட்சம். 2.40 லட்சத்தை நாங்கள் போட்டால், மீதி 5 லட்சத்துக்கு 14 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தனிநபர் கடன் ஏற்பாடு செய்கிறார்களாம். ஆடி முடிவதற்குள் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி உண்டு என்கிறார்கள். டோக்கனாக 10,000 கொடுத்துவிட்டோம். குடிபோன பிறகு தூசியில் கிடக்க முடியாது, ஒரேயடியாகச் செய்துவிடலாம் என்கிறார் கணவர். நகையை அடகு வைக்கலாம் என்கிறார் மாமியார். எனக்குத் தூக்கமே வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, அந்தக் கடனை வாங்க வேண்டாம். கையெழுத்தும் போட வேண்டாம்.

5 லட்சத்துக்கு 14 சதவீதம், 60 மாதம் என்றால் தவணை 11,634 ரூபாய். உங்கள் வருமானத்தில் செலவும் வீட்டுத் தவணையும் போக மிஞ்சுவது 14,500. இந்தத் தவணையையும் கட்டினால் கையில் 3,000 கூட நிற்காது. டெபாசிட்டும் 80,000 ஆகச் சுருங்கிவிடும். மாமியாருக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலே நகை தானாக அடகுக்குப் போய்விடும். ஐந்து வருடத்தில் நீங்கள் கட்டும் வட்டி மட்டும் ஏறக்குறைய 1.98 லட்சம். கொட்டேஷனில் இருக்கும் இரண்டு வார்ட்ரோபின் விலையைவிட அது அதிகம்.

வீட்டுக் கடனிலேயே டாப்-அப், அதாவது அதன் மேல் கூடுதல் கடன், வாங்கினால் வட்டி குறையுமே என்று யாராவது சொல்வார்கள். வட்டி விகிதம் குறையும், ஆனால் காலம் நீளும். 5 லட்சத்தை 9 சதவீதத்தில் 15 வருடத்துக்கு வாங்கினால் தவணை 5,071 தான். கட்டி முடிக்கும்போது வட்டி 4.12 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அதற்குள் அந்த அலமாரியின் மைக்காவே உரிந்து போயிருக்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். 620 சதுர அடிக்கு 31 லட்சம் கொடுத்திருக்கிறீர்கள். சதுர அடி 5,000 ரூபாய். சுவரைக் கழித்துவிட்டு உள்ளளவை மட்டும் பார்த்தால் இன்னும் கூடும். ஆறடி நீளம், ஒன்றரை அடி ஆழத்தில் ஹாலில் ஒரு டிவி யூனிட் வைத்தால் 9 சதுர அடி போய்விடும். அந்தத் தரையின் விலை மட்டும் 45,000. கொட்டேஷனில் இந்தக் கணக்கு வராது. டிவியைச் சுவரில் மாட்டி, கீழே செட்-டாப் பாக்ஸுக்கு ஒரு பலகை அடித்தால் போதும், அந்த இடம் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கும்போது ஹாலில் பாய் விரிக்க எத்தனை அடி மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சின்ன வீட்டில் வெறும் தரைதான் உங்களிடம் இருக்கும் விலை உயர்ந்த பொருள். அதை அடைத்துவிட்டு, அடைத்ததற்கும் காசு கொடுக்கிறோம்.

அதனால் 1.85 லட்சப் பகுதியை மொத்தமாக நீக்கிவிடுங்கள். ஃபால்ஸ் சீலிங் தாழ்ந்த கூரையை இன்னும் தாழ்த்தும், மதுரை வெயிலுக்கு அது எனக்குப் பிடிக்காத செலவு. ஷோகேஸும் வேண்டாம். நாளைக்கு வீட்டை விற்றால் இதற்கெல்லாம் விலை வரும் என்றும் நினைக்காதீர்கள். வங்கி மதிப்பீட்டாளர் மனையில் உங்களுக்குள்ள பிரிபடாத பாகத்தையும் கட்டடத்தையும் அதன் வயதையும் பார்ப்பாரே தவிர, சுவர் பேனலுக்குப் பணம் போட மாட்டார்.

சரி, தூசி பற்றிக் கணவர் சொல்வது நியாயம்தான். அதற்காக எல்லாவற்றையும் இப்போதே செய்ய வேண்டியதில்லை. சுவரை உடைக்கும் வேலைகளை மட்டும் குடிபோவதற்கு முன் முடித்துவிடுங்கள்: கிச்சனில் மிக்ஸி, கிரைண்டருக்குக் கூடுதல் பிளக் பாயின்ட், கீசர் இணைப்பு, சிங்க் குழாய் ஒழுக்கு, பெயின்ட். மர வேலையை அறை அறையாகப் பிறகு செய்யலாம். ஆசாரி தன் பட்டறையிலேயே பலகையை அறுத்துக்கொண்டு வந்து பூட்டினால், தூசி இரண்டு நாள் தொல்லையோடு முடிந்துவிடும்.

பழைய பிளாட் என்கிறீர்கள். கிச்சனில் கடப்பா கல் தட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தயவுசெய்து உடைக்க விடாதீர்கள். அதற்குக் கரையானும் வராது, தண்ணீரில் ஊறவும் செய்யாது. அண்டா, குக்கர் எல்லாவற்றையும் தாங்கும். முன்னால் கதவு போட்டு, தேவையான இடத்தில் இரண்டு மூன்று டிராயர் வைத்தால் 2.30 லட்சம் கேட்ட கிச்சன் அதில் ஒரு சிறு பங்கிலேயே முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படி இருந்த கல்லை எடுத்துவிட்டுத்தான் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் மாடுலர் கிச்சன் போட்டோம். சிங்க் அடியில் ஒழுகியது யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது வருடம் பலகை உப்பி, கதவு கீலோடு கழன்று வந்துவிட்டது. என் மனைவி பட்ட அவதி இன்னும் கண்ணில் நிற்கிறது. இதை நீங்கள் படக்கூடாது என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். சிங்க் பக்கம் தண்ணீரைத் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட்டையே கேளுங்கள். பெட்ரூமுக்கு அவ்வளவு தேவையில்லை, பொது உபயோகத்துக்கான ஐஎஸ் 303 போதும், விலையும் குறைவு.

ஒரு செலவை மட்டும் கூட்டச் சொல்வேன். தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டு, அளவெடுத்து வரைபடம் மட்டும் தரச் சொல்லுங்கள். அதற்கு 15,000 கேட்டாலும் கொடுக்கலாம். பலகை விற்பவரே வரைபடமும் போட்டால் பலகை கூடத்தான் செய்யும். தனியாகக் கட்டணம் வாங்குபவருக்கு உங்கள் தரையைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. கதவு எந்தப் பக்கம் திறக்கும், பரணை எந்தச் சுவரில் வைக்கலாம், மகள் படிக்கும் மேஜையை மடக்கி வைக்க முடியுமா என்பதையெல்லாம் அவரிடம் கேளுங்கள். வரைபடம் கையில் இருந்தால் மூன்று ஆசாரிகளிடம் ஒரே வேலைக்கு விலை கேட்கலாம்.

பணத்துக்கு வழி இதுதான். டெபாசிட்டில் ஒரு லட்சம் மட்டும் எடுங்கள். வரைபடம், சுவர் வேலை, கடப்பா கல்லுக்குக் கதவு எல்லாம் அதற்குள் அடங்கப் பாருங்கள். மீதி 2.20 லட்சம் உங்கள் நான்கரை மாதச் செலவு, அதைத் தொடாதீர்கள். நகையையும் தொட வேண்டாம். குடிபோன மாதத்திலிருந்து மாதம் 10,000 ரூபாய்க்கு வங்கியில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். ஒன்பது மாதத்தில் 90,000 சேரும், கொட்டேஷன் விலையிலேயே ஒரு வார்ட்ரோப் வந்துவிடும். அடுத்த ஒன்பது மாதத்தில் இரண்டாவது. அதுவரை ஒரு பழைய பீரோ போதாதா? இருந்து பார்த்தால் எது எங்கே வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

ஆசாரிக்கு முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்து, வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துக் கொடுங்கள். பொருளுக்கு ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். தகராறு வந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் அந்தக் காகிதம்தான் பேசும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே புகாருக்குக் கட்டணமும் கிடையாது.

டோக்கன் 10,000 பற்றி: வேலை தொடங்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று இன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், போனில் வேண்டாம். மறுத்தால் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். திரும்பி வராத பணம் என்றே இருந்தாலும், 10,000 போனது போகட்டும். அதை மீட்பதற்காக 5 லட்சம் கடனில் இறங்க வேண்டாம். உங்கள் கணவரிடம் இந்த 11,634 கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.