பயணத்தில் இருக்கும் நண்பர்கள் புயல் மழையில் மாட்டிக்கொண்டால் ஒருவருக்கொருவர் எப்படிச் சேதி சொல்லிக்கொள்வது?

கேள்வி கேட்டவர் சொல்லும் நிலைமை இது: நாலைந்து நண்பர்கள், ஆளுக்கொரு திசையில் பயணம், வானிலை மோசம். வாட்ஸ்அப் குழுவில் "எங்கடா இருக்கே?", "இங்க செம மழை மச்சி" என்று ஐம்பது செய்தி ஓடியிருக்கிறது. யார் எங்கே இருக்கிறார் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு சேதியில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: எத்தனை மணி, எந்த இடம், என்ன நிலைமை, அடுத்த சேதி எப்போது. பலரும் விட்டுவிடுவது முதலாவதையும் கடைசியையும்தான். சிக்னல் தடுமாறும் நேரத்தில் மாலை 4 மணிக்கு அனுப்பியது இரவு 9 மணிக்குப் போய்ச் சேரலாம். "இப்பதான் கிளம்பறோம்" என்பதை 9 மணிக்குப் படிப்பவர் விடியும்வரை தூங்க மாட்டார். "அடுத்து 6க்கு" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால், அதுவரை ஆளாளுக்குக் கூப்பிட்டு உங்கள் பேட்டரியைத் தின்னவும் மாட்டார்கள்.

நெட் நின்றுபோனால் எஸ்எம்எஸ்தான் கை கொடுக்கும். அழைப்பு என்றால் பேசி முடிக்கும்வரை தொடர்பு அறுபடாமல் நிற்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு நொடி சிக்னல் கிடைத்தாலே போதும். எதிர்முனை அணைந்திருந்தால் சேவை நிறுவனத்தின் கணினி அதைப் பிடித்து வைத்திருந்து, போன் உயிர் பெற்றதும் கொடுக்கும். தமிழில் அனுப்புபவர்களுக்கு ஒரு கணக்கு: ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழ் எழுத்தில் 70 மட்டுமே. "மணி" கண்ணுக்கு இரண்டு எழுத்து. போனுக்கு ம, ண, இகரக் கொக்கி என்று மூன்று. 70ஐத் தாண்டினால் சேதி துண்டு துண்டாகப் போகும். ஒரு துண்டு வழியில் தங்கிவிட்டால் முழுதும் வராமல் போகலாம். கீழே உள்ளது புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து 66 இடம், ஒரே துண்டில் போய்விடும்:

"4.10 மணி. சுங்கச்சாவடி தாண்டி விடுதியில் இருக்கோம். அடுத்து 6க்கு."

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களுக்கு 160 முழுசாகக் கிடைக்கும். ஆனால் கடைசியில் ஆசைக்கு ஒரு எமோஜி போட்டால் அந்தச் சேதியும் 70க்கு இறங்கிவிடும். மழை எமோஜியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இடத்தின் பெயர் தெரியாத நெடுஞ்சாலையில் நிற்கிறீர்களா? ஜிபிஎஸ் வேலை செய்ய நெட் தேவையில்லை. மேப்பில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் வரும் இரண்டு எண்களில் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். நான்காவது இலக்கம் என்பது ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம், தேடி வருபவருக்குத் தாராளம். மேப் படமே வராத இடத்திலும் திசைகாட்டிச் செயலிகள் இந்த எண்களைக் காட்டும். வாட்ஸ்அப்பின் நேரலை இருப்பிடம் (15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று தேர்வு தருமே, அது) நல்ல நாளில் வசதி. சார்ஜ் போட வழியில்லாத இரவில் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் என்றால் உங்கள் போனை விட்டுப் போய்விட்டது, அவர் போனுக்கு இன்னும் போகவில்லை என்று மட்டுமே பொருள். பெரும்பாலும் சார்ஜ் தீர்ந்திருக்கும், அல்லது டவர் படுத்திருக்கும். மின்சாரம் போனதும் டவர்கள் உடனே சாவதில்லை. பேட்டரியிலோ ஜெனரேட்டரிலோ சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதனால் புயல் கரையைக் கடந்த பிறகுதான் பல இடங்களில் சிக்னல் அடியோடு போகிறது. எல்லாம் ஓய்ந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், சிக்னல் இருக்கும்போதே அடுத்த நாள் திட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் புயல் பாதிக்காத ஊரில் இருக்கும் ஒரு நண்பரைப் பொதுவாக வைத்து, எல்லோரும் அவருக்கு மட்டும் சொல்லலாம். ஐந்து பேர் ஒருவரையொருவர் கூப்பிட்டால் பத்து அழைப்பு. இப்படிச் செய்தால் ஐந்தே சேதி.

சிக்னல் பலவீனமாக இருந்தால் போன் டவரை எட்ட அதிக சக்தியைச் செலவழிக்கும். ஒன்றுமே செய்யாமல் பையில் கிடக்கும் போன் சூடாவது இதனால்தான். ஏரோபிளேன் மோடில் போட்டு, சொன்ன மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் திறந்து வையுங்கள். பவர் பேங்க்கில் 10,000 எம்ஏஹெச் என்று எழுதியிருந்தாலும் போனுக்கு வந்து சேர்வது சுமார் 6,000தான். உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், வெளியே கொடுப்பது 5 வோல்ட். அந்த மாற்றத்தில் எண் சுருங்குகிறது, கொஞ்சம் சூடாகவும் போகிறது. நனைந்த போனில் சார்ஜர் சொருகவே கூடாது. துளை கீழே பார்க்க வைத்து உலர விடுங்கள். அரிசி டப்பாவில் புதைத்தால் மாவுத்தூள்தான் உள்ளே போகும்.

இனி "என்ன நிலைமை" என்பதை எப்படிச் சொல்வது. காற்றை அளக்கக் கருவி வேண்டாம். பிரான்சிஸ் போஃபர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1805இல் கப்பல் பாயை வைத்துக் காற்றுக்கு எண் கொடுத்தார். மரத்தையும் குடையையும் பார்த்துச் சொல்லும் தரை வடிவம் பின்னால் வந்தது. குடை பிடிக்கச் சிரமம் என்றால் மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். முழு மரமும் ஆடி, எதிர்க்காற்றில் நடக்கக் கஷ்டம் என்றால் 50 முதல் 61. சுள்ளிகள் ஒடிந்து விழுந்தால் 62 முதல் 74. "செம காத்து" என்பதற்குப் பதில் "சுள்ளி ஒடியுது" என்று அனுப்பினால், பைக்கில் வந்துகொண்டிருக்கும் நண்பர் எங்கேயாவது ஒதுங்க வேண்டும் என்று புரிந்துகொள்வார். வெள்ளத்துக்கும் இப்படித்தான்: கணுக்காலா, முழங்காலா, தேங்கி நிற்கிறதா, ஓடுகிறதா. ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைச் சாய்க்கும், 30 செ.மீ. சின்னக் காரை மிதக்க வைக்கும். தேங்கிய முழங்கால் தண்ணீரை விட ஓடுகிற கணுக்கால் தண்ணீரைப் பற்றி முதலில் எச்சரியுங்கள்.

"காத்து நின்னுடுச்சு, கிளம்பறோம்" என்ற சேதி வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா, சட்டென்று நின்றதா? வலுவான புயலில் சட்டென்று அமைதியானால், அவர் புயலின் கண்ணுக்குள் இருக்கலாம். மறுபாதிக் காற்று எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் வரும்.

இடி மழை என்றால் மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். 30 விநாடிக்குள் என்றால் கட்டடத்துக்குள்ளோ, இரும்புக் கூரை உள்ள காருக்குள்ளோ போய்விட வேண்டும். காரில் காப்பது உலோக உடல்தான், டயர் ரப்பர் இல்லை. பைக்கில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். உள்ளே உட்கார்ந்து செல்போனில் பேசுவதால் ஆபத்தில்லை. சார்ஜரில் சொருகியபடியே பேசுவதும், கம்பி போட்ட தொலைபேசியும்தான் ஆகாது.

ஊர் திரும்பியபின் படங்களைப் பகிரும்போது வாட்ஸ்அப்பில் "ஆவணம்" என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். வழக்கமான வழியில் அனுப்பினால் படம் சுருங்குவதோடு, எடுத்த நேரமும் இடமும் உதிர்ந்துவிடும். பத்து வருடம் கழித்து "இது எந்தப் புயல்டா?" என்று யாராவது கேட்டால், பதில் அந்தக் கோப்பில் இருக்கும்.