புது பேட்டரி போட்டும் மூன்றாம் நாள் வண்டி எடுக்கவில்லை

கேள்வி: என்னிடம் 2007-ஆம் ஆண்டு பதிவான சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது. பணி ஓய்வு பெற்றுவிட்டதால் வாரத்துக்கு இரண்டு முறைதான் வண்டியை எடுக்கிறேன். தினமும் ஓட்டினால் ஒரு தொல்லையும் இல்லை. மூன்று நாள் நிறுத்திவைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை; 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. பதினான்கு மாதங்களில் இரண்டு பேட்டரியும், இன்ஜின் ஓடும்போது அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் ஒன்றும் மாற்றிவிட்டேன். இரவில் இடப்பக்க இண்டிகேட்டர் போட்டால் பின்னால் உள்ள பிரேக் விளக்கும் கூடவே மங்கலாக மினுக்குகிறது. மொத்த வயரிங்கையும் மாற்ற வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றலாமா?

பதில்: இப்போது மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. நிறுத்திவைத்திருக்கும்போது பேட்டரி இறங்குவது ஒன்று. பின்விளக்கு மினுக்குவது வேறொன்று. இவை இரண்டையும் ஒரே நோயாகப் பார்த்ததால்தான் வயரிங் முழுவதையும் மாற்றும் யோசனை வந்திருக்கிறது. இரண்டையும் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரைக் கொண்டு ஒரே காலைப் பொழுதில் கண்டுபிடித்துவிடலாம். இதுவரை உங்கள் வண்டியில் மூன்று பாகங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு முறையாவது மீட்டர் வைத்து அளந்ததாக நீங்கள் எழுதவில்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் பேட்டரியின் நிலையைப் பாருங்கள். இரவு முழுதும் வண்டி நின்ற பிறகு, சாவியைப் போடுவதற்கு முன், பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் அநேகமாகக் காலி. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடி அதே இடத்தில் அளந்தால் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட்டையும் ஏ.சி. ஃபேனையும் போட்ட பிறகும் 13 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால், ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது என்று கொள்ளலாம். 15-ஐத் தாண்டினால் அந்த வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அது பேட்டரியைக் கொதிக்கவைத்துக் கொன்றுவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதாகச் சொல்லி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டிக் காலத்தில் வந்த பழக்கம் அது. உங்கள் காரில் பெட்ரோல் தெளிப்பதை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கவனிக்கிறது. பேட்டரி விலகிய அந்த நொடியில் மின்னழுத்தம் திடீரென்று எகிறி, அந்தப் பெட்டியும் ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளும் போய்விடலாம். யார் இப்படிச் செய்ய வந்தாலும் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

உங்கள் வண்டி தினமும் ஓடினால் நன்றாக இருக்கிறது என்பதாலேயே, சார்ஜ் ஆவதில் குறையில்லை, நிற்கும்போதுதான் எதுவோ மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கடிகாரம், மியூசிக் சிஸ்டத்தின் நினைவகம் போன்றவற்றுக்காக நிற்கும் வண்டியும் 20-லிருந்து 50 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது இயல்பு. அந்த அளவில் மூன்று நாளைக்கு 3.6 ஆம்பியர்-மணிக்கு மேல் போகாது. அதுவே டிக்கியில் இருக்கும் 5 வாட் குட்டி விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்கு 9.6, மூன்று நாளைக்கு ஏறத்தாழ 29 ஆம்பியர்-மணி. சிறிய கார்களில் வழக்கமாகப் போடும் பேட்டரியின் கொள்ளளவே 35 ஆம்பியர்-மணிதான். உங்கள் 'மூன்றாம் நாள்' கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது இதில் தெரிந்துவிடும். இப்படி அடிக்கடி அடிவரை இறங்கும் பேட்டரி, புதியதானாலும் ஓராண்டுக்குள் கெட்டுப்போவதில் வியப்பில்லை.

எனவே மீட்டரை எடுக்கும் முன் டிக்கி விளக்கைப் பாருங்கள். மூடினால் அணைகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து, டிக்கியை மூடித் திறந்து, பதிவானதைப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பழைய காரில் இரண்டு மாதம் தேடிய கோளாறு இப்படித்தான் அகப்பட்டது. மூடிய பிறகும் வீடியோ இருட்டாகவில்லை. டிக்கி விரிப்பின் மஞ்சள் நிற நூல்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெளிவாகத் தெரிந்தன. மூடி அழுத்த வேண்டிய ரப்பர் முனை தேய்ந்து, சுவிட்சைத் தொடாமல் நின்றிருந்தது. புது ரப்பரின் விலை ஒரு தேநீர்ச் செலவுக்கு மேல் இல்லை.

விளக்கில் குறையில்லை என்றால் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். மியூசிக் சிஸ்டத்துக்கு ரகசிய எண் உண்டா என்று முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சாவியை எடுத்து, எல்லாக் கதவுகளையும் மூடி, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று எழுதிய துளைக்கு மாற்றி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் அடிக்கவோ ஹெட்லைட் போடவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். இணைத்தவுடன் தெரியும் எண்ணை நம்பாமல் இருபது நிமிடம் பொறுத்திருங்கள், ஏனெனில் மின்னணுப் பெட்டிகள் உறக்கத்துக்குப் போகச் சற்று நேரம் எடுக்கும். அதன் பிறகும் 0.05 ஆம்பியருக்கு, அதாவது 50 மில்லி ஆம்பியருக்கு மேல், எடுத்துக்காட்டாக 0.38 என்று நின்றால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எண்ணைப் பார்த்து, அதே இடத்தில் திரும்பச் செருகிக்கொண்டே வாருங்கள். எந்த ஃபியூஸை எடுத்தவுடன் எண் சட்டென்று விழுகிறதோ, கோளாறு அந்தத் தடத்தில் இருக்கிறது. வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டு அடுத்த முறை பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகும்.

பழைய சிறிய கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது வெளியில் வாங்கிப் பொருத்திய மியூசிக் சிஸ்டத்தைத்தான். அதன் பின்னால் வரும் மஞ்சள் ஒயர் எப்போதும் மின்சாரம் பெற வேண்டியது. சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் பெற வேண்டியது. சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காக இரண்டையும் சேர்த்து முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுகிறார்கள். அதன் பிறகு அந்தப் பெட்டி முழுமையாக உறங்குவதே இல்லை. சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் கேமரா, ஜி.பி.எஸ். கருவி ஆகியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும் எண் இறங்கவில்லை என்றால், ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முழுதாக விலக்கிவிட்டுத்தான் அந்த ஒயரைத் தொட வேண்டும். கழற்றிய முனையை எதிலும் படாமல் டேப் சுற்றிய பிறகு மீட்டரை மறுபடி இணைத்துப் பார்க்கலாம். அப்போது எண் விழுந்தால் உள்ளே ஒரு டயோடு கசிகிறது என்று பொருள். உங்களுக்கு மாற்றித் தந்த ஆல்டர்னேட்டர் புதியதா, பழுதுபார்த்து விற்றதா என்பதையும் கேட்டு வையுங்கள்.

இனி பின்விளக்கு. ஒரு விளக்கைப் போட்டால் அதே கூட்டில் இருக்கும் இன்னொரு விளக்கும் மங்கலாக எரிவது, அந்தக் கூட்டின் எர்த் இணைப்பு, அதாவது மின்சாரம் பாடி உலோகத்தின் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, கெட்டிருப்பதன் தெளிவான அடையாளம். திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பின் வழியாகப் போக்கிடம் தேடுகிறது, அவ்வளவுதான். விளக்குக் கூட்டின் எர்த் முனையிலிருந்து, பெயின்ட் சுரண்டிய பாடி உலோகத்துக்குத் தற்காலிகமாக ஒரு துண்டு ஒயரை இழுத்துப் பிடியுங்கள். மினுக்கல் நின்றுவிட்டால் கோளாறு உறுதியாகிவிட்டது. எர்த் ஒயரைப் பாடியோடு இணைக்கும் போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பான உலோகத்தில் மறுபடி முறுக்கினால் போதும்.

அப்படியே இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் பின்னல் எர்த் பட்டையையும் பார்த்துவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும், வளைத்துப் பார்த்தால் இழைகளுக்குள் பச்சைப் பொடி பூத்து, பாதி இழைகள் அறுந்திருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அரை வோல்ட்டைத் தாண்டினால், பேட்டரி எவ்வளவு புதியதானாலும் செல்ஃப் திணறத்தான் செய்யும்.

வயரிங் முழுவதையும் மாற்றுவது நியாயமாகும் சந்தர்ப்பங்கள் உண்டு: எலி பல இடங்களில் கடித்திருந்தால், வெள்ள நீரில் மூழ்கியிருந்தால், எரிந்திருந்தால், அல்லது ஒயரின் மேலுறை தொட்டாலே உதிரும்படி காய்ந்திருந்தால். இவற்றில் ஒன்றையும் காட்டாமல் 18,000 ரூபாய் கேட்பவரிடம், "நிறுத்தி வைத்த வண்டி எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். எண்ணைச் சொல்ல முடியாவிட்டால் வண்டியை வேறொருவரிடம் கொண்டுபோங்கள். பொறுமையாக அளந்து பார்த்துக் கோளாறைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு, பாகம் எதுவும் விற்கவில்லை என்றாலும், அந்த ஒரு மணி நேரத்துக்கான கூலியை மனமாரக் கொடுங்கள்.

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய கார் பேட்டரி செயலிழந்துவிட்டது. உத்தரவாத அட்டை இருக்கிறது, பில் தரவில்லை. "உங்கள் வண்டியில்தான் கோளாறு, மாற்றித் தர முடியாது" என்கிறார் கடைக்காரர். நான் என்ன செய்யலாம்?

பதில்: கடைக்காரர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டி குடித்துக் காலியான பேட்டரி, உற்பத்திக் குறை உள்ள பேட்டரி ஆகாது. ஆனால் அதைச் சொல்வதற்கு அவர் சோதித்திருக்க வேண்டும். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு, அதிக மின்னோட்டம் எடுத்துச் சோதிக்கும் லோடு டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூடி திறக்கக்கூடிய வகை என்றால் ஆறு அறைகளிலும், அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் அளவை எடுக்க வேண்டும். ஐந்து அறைகள் 1.250-ஐ ஒட்டி இருக்க ஒன்று மட்டும் 1.150 காட்டினால், அது செத்த அறை. வண்டி குடித்துக் காலியாக்கினால் ஆறு அறைகளும் சேர்ந்தே இறங்கியிருக்கும். சோதனை அளவுகளைத் தாளில் எழுதி வாங்குங்கள். முந்தைய பதிலில் சொன்னபடி உங்கள் வண்டியின் மின்னோட்டத்தையும் சார்ஜிங் வோல்ட்டையும் அளந்து, அவை சரியாக இருப்பதைக் காட்டினால் அவருடைய வாதம் நிற்காது. உத்தரவாத அட்டையில் இலவசமாக மாற்றித் தரும் மாதங்களும், விலையில் ஒரு பகுதியை மட்டும் கழித்துத் தரும் மாதங்களும் தனித்தனியாக இருக்கும். எட்டாம் மாதம் எதில் வருகிறது என்று படித்துப் பாருங்கள்.

பில் தராததை லேசாக விடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் கொடுக்காதது முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம்; செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவும் தேதி எழுதிய உத்தரவாத அட்டையும் வாங்கியதற்குச் சான்றாகும். முடிவு தெரியும் வரை அந்தப் பேட்டரியைப் பழைய விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: 2010-ஆம் ஆண்டுச் சிறிய கார் ஒன்றைப் பழையதாக வாங்கப் போகிறேன். மின்சார வகையில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள்; நீங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கியிருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்தைய 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் ஆயில், பேட்டரி, இன்ஜின் எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க பல்பைக் கழற்றியிருக்கிறார்களோ என்று சந்தேகிக்கலாம். பிறகு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. மூடியில் 10 என்று அச்சிட்ட இடத்தில் பச்சை ஃபியூஸோ, முறுக்கிய செம்புக் கம்பியோ இருந்தால், அந்தத் தடத்தில் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போயிருக்கிறது, காரணத்தைத் தேடாமல் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட ஒயர் டேஷ்போர்டுக்குள் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அந்தக் காரணத்தை விற்பவரே கண்டுபிடித்துச் சரிசெய்து காட்டும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.