கம்பஸ் கிடைக்காதவர் தரப் பிரிவில் மேலே வரலாமா?

கேள்வி: அக்கா, நான் விசுவமடு. உயர்தரப் பெறுபேறு வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்ததால் கம்பஸ் கிடைக்கவில்லை. கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் மூன்று வருடமாகக் கியூசியாக (தரப் பரிசோதகராக) நிற்கிறேன். புதிதாக வருகிற பட்டதாரிகளை எனக்கு மேலே போடுகிறார்கள். பட்டம் இல்லாமல் தர முகாமையாளராக வர முடியுமா, இல்லை வேறு வேலை பார்க்கவா?

பதில்: முடியும் தங்கச்சி. ஆனால் லைன் முடிவில் நின்று பிழையான உடுப்பைப் பிரித்துப் போடுவதோடு நாள் முடிந்துவிட்டால், எத்தனை வருடம் போனாலும் அதே மேசைதான்.

1200 உடுப்பு உள்ள தொகுதியில் 80 எடுத்துப் பார்க்கிறீர்கள், ஏகியூஎல் (ஏற்கக்கூடிய பிழை அளவு) 2.5 என்றால் ஐந்து பிழை வரை விடுகிறீர்கள், ஆறாவது வந்தால் தொகுதியையே திருப்புகிறீர்கள். இந்த 80ம் ஆறும் ஐஎஸ்ஓ 2859 என்ற சர்வதேச மாதிரிப் பரிசோதனைத் தரநிலையின் அட்டவணையில் இருந்து வருகிறவை, அதை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். அப்புறம் ஒரு கொப்பி போடுங்கள்: என்ன பிழை, எந்த மெசின், எந்த நேரம், ஏன் வந்தது, என்ன மாற்றியதும் நின்றது. தையல் விடுபடுவது ஒப்பரேட்டர் பிள்ளையின் கவனக்குறைவா, தேய்ந்த ஊசியா என்று காட்டக்கூடிய ஆளைத்தான் தொழிற்சாலை தேடும். ஜப்பானில் தர நிபுணர் இஷிகாவா கவோரு பரப்பிய ஏழு தரக் கருவிகளுக்கும் (பிழைகளை எண்ணி, படமாக வரைந்து காரணம் தேடும் முறைகள்) பள்ளிக்கூடக் கணக்கே போதும், சாதாரண தொழிலாளர்தான் அவற்றைப் பாவித்தார்கள்.

சரி, கடதாசிக்கு வருவோம். அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ, அதேபோன்ற பயிற்சி நிறுவனமான நைட்டாவிலோ போய், ஆர்பிஎல் முறையில் (ஏற்கனவே கற்ற வேலையை அங்கீகரிக்கும் முறை) உங்கள் வேலைக்கு எந்த என்விகியூ (தேசிய தொழில் தகைமை) மட்டம் எடுக்கலாம் என்று கேளுங்கள். திரும்ப வகுப்பில் இருக்கத் தேவையில்லை, செய்த வேலைக்கான சான்றைக் காட்டி, செய்தும் காட்ட வேண்டும். என்விகியூவில் 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம், ஆகவே கம்பஸ் கதவு மூடினாலும் இந்தப் பாதை பட்டம் வரை போகிறது.

வெளிநாட்டுச் சான்றிதழ்களில் அமெரிக்காவின் தரத்துக்கான சங்கமான ஏஎஸ்கியூவைப் பாருங்கள். அதன் தரப் பரிசோதகர் பரீட்சைக்குப் பள்ளிப் படிப்பும் இரண்டு வருட அனுபவமும் போதும். முகாமையாளர் பரீட்சைக்குப் பத்து வருட அனுபவம், அதில் ஐந்து முடிவெடுக்கும் பொறுப்பில் இருக்க வேண்டும், பட்டதாரிக்கு நான்கு வருடம் கழிப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்! தமிழில் எழுத முடியாது, கட்டணமும் டொலரில், ஆகவே இப்போதே கடன் வாங்கிக் கட்ட வேண்டாம், முதலில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதப் பழகுங்கள். அந்தப் பட்டதாரிகளிடமே எக்செல் கேட்டுப் படியுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வேலையை இப்போது விட வேண்டாம். கொப்பியும் என்விகியூவும் கையில் வந்த பிறகும் உங்களை நகர்த்தாவிட்டால், தாராளமாக வேறு தொழிற்சாலைக்கு விண்ணப்பியுங்கள், நேர்முகத்துக்கு அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள்.