ஆஃபென்சிவ் லைன்மேன் வேலை: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

அமெரிக்கக் கால்பந்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஆஃபென்சிவ் லைன், அதாவது பந்தோடு தாக்கி ஆடும் அணியின் (ஆஃபென்ஸ்) முன்வரிசை. அதைப் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, இந்தக் குண்டு ஆட்கள் பந்தைத் தொடவே மாட்டேன் என்கிறார்களே, அப்படி என்னதான் வேலை அவர்களுக்கு?

ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டுகள், ஓரத்தில் டேக்கிள்கள். சென்டர் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தள்ளுவார், அதற்கு ஸ்நாப் என்று பெயர், ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்குவதும் இப்படித்தான். மற்ற நால்வரும் பந்தைத் தொடாமலே பல ஆட்டங்கள் முடிந்துவிடும். பந்தை வாங்கி எறியும் குவார்ட்டர்பேக் நிதானமாகப் பார்த்து எறிய இரண்டரை, மூன்று விநாடி வேண்டும், அதை வாங்கிக் கொடுப்பது இவர்கள்தான். எதிரி முழு வேகத்தில் முன்னால் பாய்ந்து வருவான், இவரோ பின்னால் நகர்ந்துகொண்டே அவனைத் தாங்க வேண்டும், கை கொஞ்சம் வெளியே போய்ச் சட்டையைப் பிடித்துவிட்டால் ஹோல்டிங் என்ற தவறுக்குத் தண்டனையாக அணி 10 கெஜம் பின்னால் போக வேண்டும். வெறும் உடம்பை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, கால் வேலை வேண்டும்.

கேள்வி: கோல், ரன் மாதிரி இவர்களுக்குக் கணக்கே இல்லையே. ஒருவர் நல்ல ஆட்டக்காரர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்து ஒரே ஒரு எண்தான் மனதில் நிற்கிறது: 10,363. ஜோ தாமஸ் தொடர்ச்சியாக ஆடிய ஸ்நாப்கள் அவை. 2007 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) மூன்றாவது ஆளாக கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அவரை எடுத்தது, அன்று விழா மேடைக்குப் போகாமல் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டார். முதல் ஆட்டத்திலிருந்து 2017 அக்டோபர் வரை, தன் அணி ஆஃபென்ஸ் ஆடிய ஒரு ஸ்நாப்பைக்கூட அவர் விடவில்லை. டென்னஸியோடு ஆடிய ஆட்டத்தில் கையின் டிரைசெப்ஸ் தசை கிழிந்துதான் வெளியே வந்தார். அவர் நின்றது லெஃப்ட் டேக்கிள் இடம். வலது கைக்கார குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது அவர் கண்ணுக்குப் படாத பக்கம் அது.

கேள்வி: அவ்வளவு நல்லவர் என்றால் சூப்பர் பவுல் ஏன் ஜெயிக்கவில்லை?

சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை விடுங்கள், அதற்கு முந்தைய நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடியதில்லை. குவார்ட்டர்பேக்குகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், 2016இல் ஒரே ஒரு வெற்றி, 2017இல் பதினாறும் தோல்வி. இருந்தும் முதல் பத்து சீசனிலும், சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார். தோற்கும் அணியில், யாரும் பார்க்காத இடத்தில், பதினொரு வருடம் ஒரே தரத்தில் ஆடியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தகுதி பெற்ற முதல் வருடமே, 2023இல், இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

கேள்வி: அந்த எடையோடு ஓய்வுக்குப் பிறகு எப்படி வாழ்வார்கள்?

பலர் இறக்கிவிடுவார்கள். தாமஸ் ஆடும்போது சுமார் 140 கிலோ, ஓய்வுக்குப் பிறகு 20 கிலோவுக்கு மேல் குறைத்தார். பசி இல்லாதபோதும் தின்றுகொண்டே இருப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

கேள்வி: தம்பி ரக்பி ஆடுகிறான். பள்ளியிலிருந்தே ஆடாதவர்கள் இதற்குள் போக வாய்ப்பு உண்டா சார்?

அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. ஜோர்டான் மைலாட்டா சிட்னிக்காரர், ரக்பி லீக் ஆடியவர், அமெரிக்கக் கால்பந்து ஒரு ஆட்டம்கூட ஆடாத நிலையில் 2018 டிராஃப்டில் ஏழாவது சுற்றில் 233ஆவது ஆளாக ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எடுத்தது. நிற்கும் முறையிலிருந்து கற்றுக்கொண்டு, அதே அணியின் லெஃப்ட் டேக்கிளாகி 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தார். உங்கள் தம்பிக்கு உயரமும் சுறுசுறுப்பான காலும் இருந்தால் நம்பிக்கையை விட வேண்டாம்.

கேள்வி: தலையில் அடிபடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பேசித்தான் ஆக வேண்டும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டர் மைக் வெப்ஸ்டர், நான்கு சூப்பர் பவுல் ஜெயித்தவர், 50 வயதில் 2002இல் இறந்தார். மறதி, குழப்பம், வீடில்லாமல் வண்டியில் தூங்கிய இரவுகள் என்று கடைசிக் காலம் மிகக் கொடுமையாகப் போனது. என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) ஆட்டக்காரர்களில் முதன்முதலில் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் கண்டறியப்பட்டது அவர் மூளையில்தான். ஒரே ஒரு பெரிய அடியை மட்டும் பார்க்காதீர்கள், லைன்மேனுக்கு ஒவ்வொரு ஸ்நாப்பிலும் சின்னச் சின்ன மோதல் வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. பால்டிமோர் ரேவன்ஸ் கார்ட் ஜான் அர்ஷல் 2017இல் 26 வயதிலேயே விலகி, எம்.ஐ.டி.யில் கணிதத்தில் முனைவர் பட்டம் முடித்து, இப்போது அங்கேயே பாடம் நடத்துகிறார்.

கேள்வி: அடுத்த ஆட்டத்தில் இவர்களை எப்படிப் பார்ப்பது?

ஸ்நாப் ஆனதும் பந்தை விட்டுவிட்டு இடது ஓரத்து ஆளின் கால்களை மட்டும் மூன்று விநாடி பாருங்கள். பத்து தடவை பார்த்தால் போதும்.