பதில்: நெல்லில் பிஹெச்எல்ஹெச் ஜீன் 230 வருகிறது, எங்கே பிசகு?

வணக்கம். நெல் ஜீனோமில் பிஹெச்எல்ஹெச் குடும்பத்தை, அதாவது மற்ற ஜீன்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் ஒரு வகைப் புரதங்களுக்கான ஜீன்களை, தேடினால் 230 வருகிறது, 2006இல் வந்த ஆய்வில் 167தானே என்று கேட்டிருந்தீர்கள். பயப்பட வேண்டாம். பட்டியலில் உள்ள அடையாள எண்களைக் கடைசி வரை படியுங்கள். முன்பகுதி ஒன்றாக இருந்து, வால் மட்டும் .1, .2, .3 என்று மாறினால் அவை ஒரே ஜீனின் வெவ்வேறு ஆர்என்ஏ வடிவங்கள். ஜீனுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை நீக்குங்கள். பெரும்பாலும் எண்ணிக்கை அங்கேயே இறங்கிவிடும்.

அப்புறம், புரதத்தில் டிஎன்ஏவைப் பிடிக்கும் காரத்தன்மையுள்ள (பேசிக்) பகுதி சரியில்லை என்று எதையும் தூக்கி எறியாதீர்கள். அப்படிப்பட்டவை இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்து அதன் வேலையைத் தடுக்கக்கூடியவை. தனிப் பிரிவாக வையுங்கள்.

காரைக்குடியில் இருந்துகொண்டு கவுனி என்ற கறுப்பரிசியை ஆய்வுக்கு எடுத்திருப்பது எனக்கு ரொம்பச் சந்தோஷம். நம் கல்யாணப் பந்தியில் இனிப்பாக வருகிற அதே அரிசி. ராத்திரி ஊறவைத்தால் காலையில் தண்ணீர் நாவல்பழ நிறத்தில் நிற்கிறதே, அந்த நிறம் ஆந்தோசயனின் என்ற செடி நிறமி. கறுப்பரிசிகளில் அதைத் தூண்டுவது நான்காம் குரோமோசோமில் உள்ள காலா4 என்ற பிஹெச்எல்ஹெச் ஜீன்தான். ஆனால் மாற்றம் புரதத்தில் இல்லை, ஜீனுக்கு முன்னால் உள்ள புரோமோட்டரில், அதாவது ஜீனை இயக்கும் சுவிட்ச் பகுதியில். ஒப்பிடுவதற்கு வழக்கமாக எடுக்கும் ஜப்பானிய நெல் ரகமான நிப்பான்பாரே வெள்ளை அரிசி. அதன் ஜீனோமை மட்டும் வைத்துத் தேடினால் இந்த மாற்றம் கண்ணில் படாது. கவுனியில் அந்த புரோமோட்டரைப் பிசிஆர் செய்து (நகலெடுத்துப் பெருக்கி) வரிசையைப் படித்துவிடுங்கள், முதல் வேலையாக.